விட்டால் எரிகிறது, பூசினால் அடங்குகிறது: அந்த வெளுப்பு க்ரீமில் என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கைக்கு 24 வயது, ஐந்து மாதத்தில் கல்யாணம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் வாங்கிய நைட் க்ரீமை நான்கு மாதமாகப் பூசுகிறாள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஈப்போவுக்குப் போனபோது க்ரீமை எடுத்துப்போக மறந்தாள்; நான்காம் நாள் முகம் சிவந்து, எரிந்து, பொரிப்பொரியாகக் கிளம்பியது. வீட்டுக்கு வந்து பூசியதும் அடங்கிவிட்டது. அதனால் க்ரீம் நல்லதுதான், இடையில் விட்டதுதான் தப்பு என்கிறாள். அவள் சொல்வது சரியா, இதைவிட நல்ல க்ரீம் எது, சினிமா நடிகைகள் எதைப் பூசி அப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்தன்று அவள் முகம் எப்படி இருக்குமோ என்ற கவலையும் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. மருந்தகக் கவுண்டரில் நிற்கிற எங்களுக்கு இது பழகிய கேள்வி. முழுதாகவே பதில் சொல்கிறேன்.

தங்கை எதை நல்ல க்ரீமுக்கு அடையாளம் என்கிறாளோ, அதுதான் ஆபத்துக்கு அடையாளம். விட்டால் எரிந்து, பூசினால் அடங்கும் க்ரீமில் வீரியமான ஸ்டீராய்டு இருப்பது ஏறக்குறைய நிச்சயம். பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால். இவை எக்சிமா என்கிற கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு டாக்டர் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்துகள். குளோபெட்டசாலின் வீரியம் சாதாரண ஹைட்ரோகார்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு. முகத்தில் பூசினால் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் முகம் வெளிறித் தெரியும். நிறமி செய்யும் செல்கள் மந்தமாகும். வீக்கம் அடங்குவதால் பரு கூட மறையும். இரண்டு வாரத்தில் கண்ணாடி மாதிரி முகம் என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை, அது அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் பூசினால் மேல்தோல் மெலிந்துவிடும். பிறகு நிறுத்தினால், அதுவரை இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரியும். அந்தச் சிவப்பும் எரிச்சலும் அதுதான். உள்ளே இருக்கும் அழுக்கு வெளியேறுகிறது என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள், தயவுசெய்து நம்பாதீர்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலையைத் தனி நோயாகவே பேர் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவு பேருக்கு வந்திருக்கிறது.

ஸ்டீராய்டோடு, நிறமியைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோனும், மேல்தோலை வேகமாகப் புதுப்பிக்கும் டிரெட்டினாயினும் சேர்ந்திருக்கலாம். மங்கு என்கிற கன்னத் திட்டுக்கு மருத்துவர்கள் இந்த மூன்றையும் கலந்து கொடுப்பது 1970களிலிருந்து உண்டு. ஆனால் அளவு தெரிந்து, சில வாரங்களுக்கு, கண்காணிப்போடு. அதே கலவை பேரில்லாத டப்பாவில் வந்தால் அளவும் தெரியாது, நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை. ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் பூசினால் வெளுக்க வேண்டிய கன்னத்திலேயே நீலம் பாய்ந்த கறுப்பு படியும். அது ஒருமுறை வந்துவிட்டால் போக்குவது மிகக் கஷ்டம்.

இன்னொன்று பாதரசம். தங்கையின் க்ரீமில் இது இருக்கிறதா என்று அவள் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்லவேண்டும். சில தடயங்கள் மட்டும் உண்டு: தங்கம், வெள்ளி, அலுமினியம் நகை படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை; கலோமெல், மெர்குரி, மெர்குரியோ போன்ற சொற்கள்; வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் அல்லது பச்சை தட்டும் க்ரீம்; உட்பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத டப்பா. இவை எதுவும் இல்லாததால் பாதரசம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. நகையைத் தேய்த்துப் பார்ப்பது மாதிரியான வீட்டுச் சோதனைகளையும் நம்பவேண்டாம். தோல் வழியாக உள்ளே போகும் பாதரசம் முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகும். காலையில் கண் இமை வீங்கும், மாலையில் கணுக்கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். கேரளத்தில் கோட்டக்கல் பகுதிச் சிறுநீரக மருத்துவர்கள், இப்படி வந்த நோயாளிகளில் கணிசமானவர்கள் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள் என்று அண்மையில் கண்டுபிடித்து எழுதினார்கள். பூசுகிறவரோடு இது நிற்பதும் இல்லை. துண்டு, தலையணை உறை, கை வழியாக வீட்டுக் குழந்தைகளுக்கும் போகும், ஆவியாக மூச்சிலும் போகும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

இனி செய்யவேண்டியது. டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், அடியில் உள்ள தொகுதி எண் மூன்றையும் படமெடுத்து, மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். துண்டையும் தலையணை உறையையும் தனியாகத் துவையுங்கள். பிறகு டாக்டரிடம் டப்பாவோடு போங்கள். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாதானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான்; அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு வழியும் உண்டு, முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் ஒன்று உறுதி: குறைக்க வேண்டுமானால் இந்த டப்பாவை வைத்துக் குறைக்கக் கூடாது. இதில் என்ன இருக்கிறதென்று தெரியாது, பாதரசம் இருந்தால் ஒவ்வொரு இரவும் கூடுதல் விஷம். டாக்டர் வீரியம் குறைந்த, அளவு தெரிந்த மருந்துக்கு மாற்றி அதிலிருந்து இறக்குவார். கடையில் கிடைக்கும் வேறொரு ஸ்டீராய்டு க்ரீமை நீங்களே வாங்கி மாற்றுவது அதே குழிக்குத் திரும்புவதாகும்.

மூன்று பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்: இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், சிறுநீரில் பாதரச அளவு. முதல் இரண்டும் எந்தக் கிளினிக்கிலும் ஐந்து நிமிட வேலை. மூன்றாவதற்கு மாதிரியை வெளியே அனுப்புவார்கள், முடிவு வர நாளாகும். சிலர் இரத்தத்தில் பாதரசம் பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டதால் கூடியிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மீனில் இருப்பது வேறு வகைப் பாதரசம், அது இரத்தத்தில் தெரியும். க்ரீமில் வருவது சிறுநீரில்தான் தெளிவாகத் தெரியும். க்ரீமை நிறுத்தியதும் பலருக்குச் சிறுநீரகம் மாதக்கணக்கில் தானாகத் தேறிவிடுகிறது. சிலருக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது. முன்கூட்டி யார் எந்தப் பக்கம் என்று சொல்ல இயலாது.

முகத்தைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்கள் மோசமாகவே இருக்கும் என்று தங்கையிடம் முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டால் பத்தாம் நாள் அழுதுகொண்டு பழைய டப்பாவைத் தேடுவாள். சிவப்பு, எரிச்சல், சீழ்ப்பரு, வறட்சி எல்லாம் வந்து போகும். நான்கு மாதம் பூசியவருக்கு அடங்கச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஐந்து மாதம் கையில் இருப்பதால்தான் இன்றே தொடங்கச் சொல்கிறேன். இந்தக் காலத்தில் மணமில்லாத, நுரை குறைந்த கிளென்சரால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, விரல் நுனியால் மட்டும் கழுவட்டும். ஈரம் காயுமுன் சாதாரண மாய்ஸ்சரைசர். பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன். இவ்வளவுதான். ஃபேஷியல், பிளீச், ஸ்கிரப், பீலிங், லேசர் எதுவும் வேண்டாம். மெலிந்த தோலில் வாக்ஸ் இழுத்தால் மேல்தோலே உரிந்து வரும், அதனால் முகத்தில் வாக்ஸ் அறவே கூடாது. பாட்டி சொன்னதென்று எலுமிச்சைச் சாறு தடவவும் வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தீக்காயம்போலக் கொப்பளித்து, ஆறியபின் கறுத்த தழும்பு நிற்கும். கடலைமாவுத் தேய்ப்புக்கும் இப்போது விடுப்பு. நலங்கில் மஞ்சள் வைக்கும்போது கைகாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் டாக்டர் சொன்னார் என்றால் கேட்டுக்கொள்வார்கள்.

க்ரீமை வாங்கும்போது எண் இருந்ததே என்பீர்கள். மலேசியாவில் விற்கும் அழகுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் என்பிஆர்ஏ என்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் அறிவிப்பு எண் உண்டு: என்-ஓ-டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே எழுத்தில் முடியும். இந்த முறை 2008 முதல் நடக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம், அந்த எண் தரச் சான்று இல்லை. என் பொருளில் இன்னின்னது இருக்கிறது என்று நிறுவனம் கொடுக்கும் அறிவிப்புக்குக் கிடைக்கும் எண் அது. பொருளைச் சோதித்துவிட்டுக் கொடுப்பதில்லை. விற்பனைக்கு வந்தபின் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள், பாதரசமோ ஸ்டீராய்டோ ஹைட்ரோகுவினோனோ டிரெட்டினாயினோ அகப்பட்டால் அறிவிப்பை ரத்து செய்து பெயரை வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் எண் வாங்கிய க்ரீம்களே நிறைய. ஆகவே என்பிஆர்ஏ இணையத்தளத்தில் எண்ணைத் தட்டி, பெயரும் நிறுவனமும் டப்பாவில் இருப்பதோடு பொருந்துகிறதா, ரத்தானதா என்று இரண்டையும் பாருங்கள். எண்ணே இல்லையென்றால் பேச்சே வேண்டாம். விற்பவருக்கு 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. புகாரை என்பிஆர்ஏயிலோ மாநில மருந்தக அமலாக்கப் பிரிவிலோ கொடுக்கலாம். பினாங்கில் இருப்பவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் உதவும். இந்த க்ரீம்களை எதிர்த்துப் பல வருடமாகக் குரல் கொடுப்பவர்கள் அவர்கள்.

இதைவிட நல்ல க்ரீம் எது என்ற கேள்விக்கு வருவோம். தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே, வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் அவள் பிறந்த நிறம். எந்த நேர்மையான க்ரீமும் முகத்தை அந்த நிறம் வரைதான் கொண்டுபோக முடியும். அதற்கு மேல் வெளுத்தால், தோலை ஏதோ ஒன்று சிதைக்கிறது என்று அர்த்தம். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் நிறமித் துகள்களின் அளவும் வகையும் அடுக்கும்தான் வேறு, அது பரம்பரையில் எழுதப்பட்டது. அந்தத் துகள்கள்தான் நம் தோலை வெயிலிலிருந்து காக்கின்றன. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே. இந்த ஊர் வெயிலுக்கு ஏற்ற தோலோடுதான் உங்கள் தங்கை பிறந்திருக்கிறாள், அதை இழப்பாக நினைக்கவேண்டாம் என்று மனதார விரும்புகிறேன்.

முகம் உட்கையைவிடக் கறுத்திருந்தால், அந்த வித்தியாசத்தைக் குறைக்கச் சன்ஸ்கிரீனைப்போல வேறில்லை. எஸ்பிஎஃப் 30க்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒவ்வொரு கோடு. பெரும்பாலோர் இதில் கால்வாசியோ பாதியோதான் போடுகிறார்கள், அதனால்தான் வேலை செய்யவில்லை என்கிறார்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். கார் பக்கக் கண்ணாடி வழியாகவும் கறுக்கவைக்கும் கதிர் வரும். தினமும் ஃபெடரல் ஹைவேயில் ஓட்டுகிறவர்களின் வலது கன்னம் கூடுதலாகக் கறுப்பது அதனால்தான். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் நல்லது, ஏனெனில் சாதாரண வெளிச்சமே மங்கைக் கூட்டும். தோல் தேறியபின், டாக்டர் சரியென்றால், 4 அல்லது 5 சதவீத நியாசினமைடு, 15 முதல் 20 சதவீத அசெலாயிக் அமிலம் போன்றவை பருத் தழும்பையும் திட்டையும் மெல்லக் குறைக்கும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்கவேண்டும். இவை நிறத்தை மாற்றாது, சீராக்கும். இதற்குக் குறைந்த காலத்தில் பலன் தருகிறேன் என்று சொல்லும் எதையும் சந்தேகியுங்கள். வெளுக்கவைக்கும் என்று விற்கும் குளுட்டாதியோன் மாத்திரைக்கு ஆதாரம் மெலிது, நிறுத்தினால் பலனும் போய்விடும். ஊசியைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது: தோல் வெளுக்க என்று மலேசியாவில் எந்த ஊசி மருந்தும் பதிவாகவில்லை. சலூனில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு துணைச் செய்தி, கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது. முகத்துக்கு வாங்கிய க்ரீமைக் கழுத்துக் கறுப்புக்கும் தடவுகிறவர்கள் நிறையப் பேர். பிடரியில், அக்குளில் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, வெயிலும் இல்லை. பெரும்பாலும் உடம்பு இன்சுலினை ஏற்க மறுக்கிறது என்பதன் அறிகுறி. இந்த நாட்டில் இந்தியர்களிடையேதான் நீரிழிவு அதிகம். தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காமல் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்ணாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எடையும் சர்க்கரையும் இறங்கினால் கழுத்தும் தெளியும்.

இப்போது நடிகைகள். அவர்கள் தனிவாழ்வில் என்ன பூசுகிறார்கள் என்று ஊகித்துச் சொல்ல மாட்டேன். திரையில் தெரியும் வெளுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லலாம். முதலாவது, தேர்வு. தமிழ்ப் படங்களின் நாயகிகளில் பெரும் பங்கினர் பல பத்தாண்டுகளாக மும்பையிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்தவர்கள்; தமிழ் பேசாததால் குரலும் வேறொருவருடையது. பிறவியிலேயே வெளுத்த ஒருவரைக் காட்டி, நம் வீட்டுப் பெண்ணுக்கு அதை அளவுகோலாக வைக்கிறோம். கிராமத்துப் பாத்திரம் வந்தால் அதே வெளுத்த நடிகைக்குக் கறுப்புப் பூச்சு பூசுவார்களே தவிர, கறுத்த நடிகையைத் தேட மாட்டார்கள். இரண்டாவது, ஒளி. நாயகியின் முகத்துக்கு மட்டும் பெரிய, மென்மையான விளக்கை அருகில் வைத்து, சுற்றியுள்ளவர்களைவிட ஒரு படி கூடுதலாக வெளிச்சம் கொடுப்பார்கள். முகம், காது, கழுத்து, கை, இடுப்பு வரை ஒரே நிறப் பூச்சு. மூன்றாவது, நிறத் திருத்தம்: தோலின் நிறத்தை மட்டும் கணினியில் பிரித்தெடுத்து வெளுப்பைக் கூட்டிவிடலாம், சேலையின் நிறம் மாறாது. அடுத்த முறை படம் பார்க்கும்போது நாயகியின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறுவதைத் தங்கையோடு சேர்ந்து கவனியுங்கள். கைப்பேசியின் அழகூட்டும் ஃபில்டரும் இதைத்தான் செய்கிறது, சொல்லாமலே செய்கிறது.

விளம்பரம் இந்தத் தேர்வுக்கு உரம் போட்டது. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை மாப்பிள்ளையும் இல்லை, வெளுத்ததும் இரண்டும் வந்தன என்ற கதையை மூன்று தலைமுறை பார்த்தது. 2020இல்தான் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போனது. நம் நாட்டிலும் 2017 நோன்புப் பெருநாள் சமயத்தில் ஒரு மருந்தகச் சங்கிலி, முகத்தில் கறுப்புப் பூசிய பெண்ணைப் பார்த்து ஆண் முகம் சுளிப்பதும், கழுவி வெளுத்ததும் விரும்புவதுமாக ஒரு காணொளி வெளியிட்டு, மக்கள் கொதித்ததும் திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களும் உண்டு. 2009இல் சென்னையில் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் தொடங்கியது; நடிகை நந்திதா தாஸ் அதன் முகமாக நின்றார். வெளுப்பு க்ரீம் விளம்பரத்தில் பெருந்தொகைக்கு நடிக்க மறுத்ததாக 2019இல் சாய் பல்லவி வெளிப்படையாகச் சொன்னார். இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்களில் தலைவியின் அழகாகப் பாடப்படுவது மாந்தளிர் போன்ற மாமை நிறம். வெளிறிப்போவது பசலை, பிரிவுத் துயரில் அழகைத் தின்னும் நோய். நம் மொழி கறுத்த பெண்ணை அழகியாகப் பார்த்த காலம் அது. தங்கை தமிழ் படிப்பவள் என்றால் இதைச் சொல்லுங்கள்.

கல்யாண மேக்கப்புக்கு இப்போதே ஆளைப் பிடியுங்கள், முகம் தேறிவருவதையும் அவரிடம் மறைக்காதீர்கள். கல்யாண நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஒத்திகை. அந்தப் பொருள்களையே அன்றும் பயன்படுத்தவேண்டும், ஒத்திகைக்குப் பிறகு புதிதாக எதுவும் கூடாது. பவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்க்காமல் தாடையோரம் தடவி, இருபது நிமிடம் விட்டு, வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்து மறையும் நிறம்தான் சரியான நிறம். இரண்டு படி வெளுப்பாகப் போட்டால், அதிலும் ரோஸ் சாயலில் போட்டால், நம் தோலின் மஞ்சள் கலந்த அடிநிறத்தின் மேல் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். பல கல்யாண ஆல்பங்களில் மணப்பெண் முகம் சாம்பலாகவும் கை வேறு நிறமாகவும் தெரிவது இதனால்தான். கண்ணடிக் கருவளையத்துக்கு முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர், அதன் மேல் மெல்லிய பவுண்டேஷன். ஜிங்க் சன்ஸ்கிரீனும் வெள்ளைச் சிலிக்கா பவுடரும் ஃபிளாஷில் பளீரென்று திருப்பி அடிக்கும், ஆகவே இரவு விருந்துக்கு இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள். காலை முகூர்த்தத்துக்குச் சன்ஸ்கிரீன் இருக்கட்டும், ஒத்திகையன்றே ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பிரஷ்கள் கழுவியதாக இருக்கவேண்டும், ஆறிவரும் தோலில் அழுக்குப் பிரஷ் பட்டால் மறுநாளே பரு கிளம்பும். புகைப்படக்காரரிடமும் ஒரு வார்த்தை: தோலை வெளுக்க வைக்காமல் படத்தை முடித்துத் தரும்படி முன்பணம் கொடுக்கும்போதே சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.